கற்பவர் யாருடன் கற்கிறார்? இணையவழிக் கற்றல் தளங்களின் தொடக்கமும் அயலகத் தமிழ்க் கல்வியும்

மாணவரைப் பதிவு செய்தல், பாடத்தை வழங்குதல், மதிப்பெண்ணைச் சேமித்தல் ஆகியவை கற்றல் மேலாண்மைத் தளத்தின் வெளிப்படையான பணிகள். ஆயினும் அத்தகைய தளத்தைத் திட்டமிடுவோர், கற்பவர் எவ்விடத்தில், யாருடன் இருந்து கற்கிறார் என்பது பற்றி நிரல் எழுதுவதற்கு முன்பே ஒரு முடிவுக்கு வந்துவிடுகின்றனர். தளம் திறக்கப்பட்ட பின் அம்முடிவை மாற்றுதல் எளிதன்று.

கணினிவழிக் கற்பித்தலின் வரலாற்றை 1960இல் இலினாய் பல்கலைக்கழகத்தில் உருவான பிளேட்டோவிலிருந்து தொடங்குவது வழக்கம். உலாவியின் வழி இயங்கும் தளங்களோ 1990களின் நடுப்பகுதியில் தோன்றியவை. கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் கணினி அறிவியல் கற்பித்த மரே கோல்ட்பர்க், பாடத்திற்குரிய இணையப் பக்கங்களைக் கட்டுவதிலேயே ஆசிரியரின் காலம் கரைவதைக் கண்டு, நிரலாக்கம் அறியாதோரும் கையாளத்தக்க வெப்சிடி என்னும் கருவியை உருவாக்கினார். அது தீர்க்க முனைந்த இடர்ப்பாடு ஆசிரியருடையது. பின்னர் வணிகப் பொருளாகிய வெப்சிடி, 2006இல் பிளாக்போர்டு நிறுவனத்தின் உடைமையாயிற்று. அவ்வாண்டிலேயே பிளாக்போர்டு தன் காப்புரிமையை முன்வைத்து டிசயர்டூலேர்ன் என்னும் கனடிய நிறுவனத்தின் மீது வழக்குத் தொடுத்தது. அவ்வுரிமைக் கோரல்கள் செல்லா என 2009இல் அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பாடங்களை வாடகை வீட்டில் குடிவைத்த கல்வி நிறுவனங்களுக்கு அவ்வழக்கு ஓர் எச்சரிக்கையாயிற்று.

மேற்கு ஆஸ்திரேலியாவின் மார்ட்டின் டூகியமாஸ் வேறொரு நினைவிலிருந்து தொடங்கினார். பாலைநிலக் குடியிருப்பொன்றில் வளர்ந்த அவர், சிறுவயதில் வானொலிவழிப் பள்ளியில் பயின்றவர். ஆசிரியரின் குரல் சிற்றலை வானொலியில் வரும். மாணவரும் அதே வானொலியில் விடை கூறுவர். பெர்த் நகரின் கர்ட்டின் பல்கலைக்கழகத்தில் வெப்சிடியைப் பராமரித்து வந்தபோது அதன் குறைகளால் மனம் சலித்து, மூடுல் என்னும் கட்டற்ற தளத்தை அவர் எழுதத் தொடங்கினார். அதன் முதற்பதிப்பு 2002 ஆகஸ்டில் வெளிவந்தது. கற்போர் கூடி உரையாடி அறிவைக் கட்டமைக்கின்றனர் என்னும் கல்விக் கொள்கை அதன் அடித்தளம். இக்கொள்கைக்கும் அவ்வானொலி வகுப்புக்கும் தொடர்பில்லை என்று கொள்வது கடினம்.

இதே காலத்தில் சென்னையிலும் ஒரு பெருந்திட்டம் உருவாயிற்று. 1999 பிப்ரவரியில் நடைபெற்ற தமிழிணையம் 99 மாநாட்டை ஒட்டி அறிவிக்கப்பட்ட தமிழ் இணையப் பல்கலைக்கழகம், 2001 பிப்ரவரி 17இல் தொடங்கப்பெற்றது. இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தராக விளங்கிய வா.செ. குழந்தைசாமி அதனை வழிநடத்தினார். ஆங்கிலத்தில் தளம் அமைத்தோர் அறியாத சுமை ஒன்று இங்கிருந்தது: எழுத்துருக் குறியீடே அப்போது ஒருமைப்படவில்லை. பாடத்தை எழுதுமுன் எழுத்தைத் திரையில் தெரியச் செய்ய வேண்டியிருந்தது. மழலைக் கல்வி முதல் இளநிலைத் தமிழியல் வரையிலான பாடங்களும் மின்னூலகமும் அமைக்கப்பட்டன. தேர்வு முதலியவற்றிற்கு அயல்நாடுகளில் தொடர்பு மையங்கள் தேவைப்பட்டன.

முன்பே தமிழ் அறிந்த வளர்ந்தோர்க்கு அந்நூலகம் பெருஞ்செல்வம். இன்றளவும் அதற்கு இணையானவை சிலவே. வீட்டில் தமிழ் குறைவாகக் கேட்டு வளரும் டொராண்டோக் குழந்தையின் நிலை வேறு. ழகரத்தைப் பிழையாக ஒலித்தால் திருத்துவதற்கு ஒருவர் வேண்டும். அப்பணியை நெடுங்காலமாகச் செய்து வருபவை வார இறுதித் தமிழ்ப் பள்ளிகள். அவற்றின் ஆசிரியர்கள் பெரும்பாலும் ஊதியமில்லாத் தொண்டர்கள்.

2020இல் பெருந்தொற்று அப்பள்ளிகளின் கதவுகளை அடைத்தபோது காணொளி வகுப்புகள் விரைந்து தொடங்கின. முகங்கள் தெரிந்தன, குரல்களும் கேட்டன. ஆனால் சென்ற வாரம் எக்குழந்தை எங்கே இடறியது என்பதை அடுத்த வாரத்திற்கு எடுத்துச்செல்லும் பதிவேடு காணொளியில் இல்லை; ஆசிரியரின் நினைவே பதிவேடாயிற்று. மூடுலுக்குத் தமிழ் இடைமுகம் உண்டு; இலங்கைத் தமிழுக்கெனத் தனி மொழித்தொகுதியும் உண்டு. பொத்தான்கள் தமிழில் பேசுவதால் மட்டும் வகுப்பு அமைந்துவிடாது. புதிய தளத்திற்குத் திட்டம் தீட்டும் சங்கங்கள் வழங்கி, இடைமுகம், தொடக்க விழா ஆகியவற்றுக்குச் செலவு ஒதுக்குகின்றன. ஞாயிறு வகுப்பிற்கும் அடுத்த ஞாயிறுக்கும் இடையே, குழந்தை பதிவுசெய்து அனுப்பும் வாசிப்பைக் கேட்டு மறுமொழி கூறும் ஆசிரியரின் மணிநேரங்களையும் அவ்வரவு செலவுக் கணக்கில் முதல் வரியாக எழுத வேண்டியுள்ளது.