உளவியல் தொழில்: இந்தியாவில் நுழையும் வழிகள்

இந்தியாவில் உளவியல் படித்தவர்கள் மருத்துவமனை, பள்ளி, குடும்ப நீதிமன்றம், படைத் தேர்வு மையம், நிறுவனங்களின் மனிதவளப் பிரிவு எனப் பல இடங்களில் வேலை பார்க்கிறார்கள். ஆனால் நெடுங்காலமாகச் சட்டம் காவல் நின்றது ஒரே ஒரு வாசலில்தான்: மருத்துவ உளவியலர் என்ற தகுதி.

ஊர்ப்பேச்சில் மனநல மருத்துவரும் உளவியலரும் ஒன்றாகவே கருதப்படுகிறார்கள். மனநல மருத்துவர் எம்.பி.பி.எஸ். முடித்து மூன்றாண்டு எம்.டி. படித்தவர், மருந்து எழுதுவார். உளவியலர் மருந்து எழுதுவதில்லை. உளவியல் சோதனைகளும் பேச்சுவழிச் சிகிச்சையுமே அவருடைய கருவிகள்.

கல்கத்தா பல்கலைக்கழகத்தில் 1916இல் உளவியலுக்குத் தனித்துறை அமைந்தபோது அது ஆய்வுக்கூடப் பாடமாகவே இருந்தது. நோயாளியின் அருகில் அமர்ந்து கற்கும் முறை, பெங்களூரில் 1954இல் தொடங்கிய அகில இந்திய மனநல நிறுவனத்தில் வேரூன்றியது. அதுவே 1974 முதல் நிம்ஹான்ஸ்.

மருத்துவ உளவியலர் ஆவதற்கான வழக்கமான பாதை நீளமானது. இளநிலை, முதுநிலைப் பட்டங்களுக்குப் பின் இரண்டாண்டு முழுநேர எம்.பில்.; அதில் மேற்பார்வையுடன் கூடிய மருத்துவமனைப் பயிற்சி கட்டாயம். 1992ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி இயங்கும் இந்திய மறுவாழ்வு மன்றம் (ஆர்.சி.ஐ.) அந்தப் படிப்பை ஏற்றிருக்க வேண்டும். 2017ஆம் ஆண்டு மனநலப் பாதுகாப்புச் சட்டமும் இந்தத் தகுதியையே சுட்டுகிறது. வெறும் எம்.எஸ்சி. பட்டத்தோடு 'கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட்' என்று பலகை மாட்டுவது முறையல்ல.

இந்த ஏணியும் இப்போது ஆட்டம் கண்டிருக்கிறது. 2020ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கை எம்.பில். பட்டத்தையே கைவிட்டது. மருத்துவ உளவியலுக்கும் மனநலச் சமூகப் பணிக்கும் மட்டும் பல்கலைக்கழக மானியக் குழு 2025-26 கல்வியாண்டு வரை விலக்கு அளித்தது. ஆகவே இன்று இளநிலையில் சேரும் மாணவர், அண்ணனோ அக்காவோ போன வழியை அப்படியே நம்பிவிடக் கூடாது.

ஆற்றுப்படுத்துநர் பணிக்கு வாசல் அகலம். தமிழ்நாட்டில் எச்.ஐ.வி. பரிசோதனைக்கான 'நம்பிக்கை மைய'ங்களில் உளவியல் முதுநிலை படித்தவர்களோடு சமூகப் பணி படித்தவர்களும் இந்த வேலையில் இருக்கிறார்கள். இத்தகைய பணிகளுக்குப் பொதுவான உரிமம் இல்லாதிருந்தது. 2021ஆம் ஆண்டின் துணைநிலை, நலவாழ்வுத் தொழிலர் ஆணையச் சட்டமே ஏனைய உளவியலரையும் பதிவு வரம்புக்குள் கொண்டுவந்தது.

அதிகம் பேசப்படாத வழி, படைத்துறை. டெல்லியிலுள்ள பாதுகாப்பு உளவியல் ஆராய்ச்சி நிறுவனம், பாதுகாப்பு ஆராய்ச்சி, மேம்பாட்டு அமைப்பான டி.ஆர்.டி.ஓ.வின் ஆய்வகங்களில் ஒன்று. படை அதிகாரித் தேர்வுக்கான எஸ்.எஸ்.பி. (பணித் தேர்வு வாரிய) சோதனைகள் அதன் பொறுப்பு. சொல் தொடர்புச் சோதனையில் ஒரு சொல்லுக்கு 15 நொடியாக 60 சொற்கள் திரையில் வந்துபோகும். ஒவ்வொன்றுக்கும் மனத்தில் தோன்றுவதை எழுத வேண்டும். அந்தத் தாள்களைப் படித்து ஆளை எடைபோடுபவர் உளவியலர். இங்கே நோயாளி என்று யாரும் இல்லை.

மீண்டும் மருத்துவ உளவியலருக்கு வருவோம். ஆர்.சி.ஐ.யில் பதிவு பெற்றவர் அதைக் குறிப்பிட்ட காலத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். பதிவின்றி அத்தொழிலைச் செய்தால், 1992ஆம் ஆண்டுச் சட்டப்படி ஓராண்டு வரை சிறை அல்லது 1,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். பெருநகரங்களில் ஒரு அமர்வுக்கான கட்டணமே பல இடங்களில் அந்த அபராதத்தைத் தாண்டிவிடும்.