ரேனோ நிகழ்வும் இணைப்புத் திசு நோய்களும்

குளிர் பட்டாலோ மனம் பதறினாலோ கைவிரல்களின் சிறு தமனிகள் இறுகி, இரத்த ஓட்டம் சிறிது நேரம் தடைப்படுவது ரேனோ நிகழ்வு எனப்படும். விரல் முதலில் வெளுக்கும். பின்னர் நீலம் பாயும். ஓட்டம் திரும்பும்போது சிவந்து விண்விண்ணென்று தெறிக்கும். மூன்று நிறங்களும் எல்லோரிடமும் தோன்றுவதில்லை. வெளுத்த பகுதிக்கும் நல்ல பகுதிக்கும் நடுவே கோடு கிழித்தாற்போல எல்லை தெரிவதே இதன் முதன்மையான அடையாளம். கால்விரல்கள், மூக்கு நுனி, காது மடல், முலைக்காம்பு ஆகியவையும் சில வேளைகளில் இப்படி வெளுக்கும். கை சூடேறியபின் பெரும்பாலும் கால் மணி நேரத்துக்குள் எல்லாம் பழைய நிலைக்கு வந்துவிடும்.

மக்கள் தொகையில் ஏறத்தாழ 3 முதல் 5 விழுக்காட்டினருக்கு இது உண்டு; பெண்களிடம் கூடுதல். அவர்களில் பெரும்பாலோருக்கு இதனால் தொந்தரவு உண்டே தவிர ஆபத்து இல்லை. இது முதல்நிலை ரேனோ எனப்படுகிறது. ஆனால் ஒரு பகுதியினருக்கு இந்த விரல் வெளுப்பு, தோல் இறுக்க நோயான ஸ்கிளீரோடெர்மா போன்ற இணைப்புத் திசு நோயின் முதல் அறிகுறி. மற்ற அறிகுறிகள் தலைகாட்டப் பல ஆண்டுகள் ஆகலாம். இது இரண்டாம்நிலை ரேனோ. இவ்விரண்டையும் தொடக்கத்திலேயே பிரித்தறிய இன்று வழி இருக்கிறது. அது எளிய வழியும்கூட.

வரலாறு

பிரெஞ்சு மருத்துவர் மொரீஸ் ரேனோ (1834–1881) தம் பட்ட ஆய்வேட்டில் 1862இல் இந்நிலையை விவரித்தார். நரம்பு மண்டலம் அளவுக்கு மீறித் தூண்டப்படுவதே காரணம் என்பது அவர் கருத்து. அதையொட்டி, பரிவு நரம்புகளை வெட்டிவிடும் அறுவை சிகிச்சை பின்னாளில் செல்வாக்குப் பெற்றது. 1929இல் பிரிட்டிஷ் ஆய்வாளர் தாமஸ் லூயிஸ், கோளாறு விரலின் தமனிகளிலேயே இருக்கிறது என்று காட்டினார். இன்று இருவர் கருத்திலும் உண்மை உண்டு என்பதே நிலை.

இது ஒரு தனி நோய் அன்று, பல காரணங்களால் தோன்றும் நிகழ்வு என்று 19ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே ஆங்கிலேய மருத்துவர் ஜொனாதன் ஹட்சின்சன் வாதிட்டார். அமெரிக்காவின் மேயோ மருத்துவமனையைச் சேர்ந்த ஆலனும் பிரவுனும் 1932இல் முதல்நிலை ரேனோவுக்கு வரையறை வகுத்தபோது, வேறு நோய் எதுவும் தென்படாமல் இரண்டு ஆண்டுகள் கழிய வேண்டும் என்றனர். போதிய சோதனைகள் இல்லாத காலத்தில் காத்திருப்பதைத் தவிர வேறு வழி இருக்கவில்லை. 1992இல் லெராய், மெட்ஸ்கர் என்னும் இருவர், நக அடித் தந்துகிகள் (நுண் இரத்தக் குழாய்கள்) சீராக இருத்தல், உயிரணுக் கருவுக்கு எதிரான எதிர்ப்பான்களைத் தேடும் ஏஎன்ஏ சோதனையில் எதிர்மறை முடிவு, இரத்தச் சிவப்பணுக்களின் படிவு வேகம் இயல்பாக இருத்தல் ஆகியவற்றை வரையறைக்குள் கொண்டுவந்தனர்.

விரலில் நடப்பது

விரல் நுனியில் ஓடும் இரத்தத்தில் பெரும்பகுதி திசுவுக்கு உணவூட்டுவதற்காக அன்று, உடல் வெப்பத்தைக் கூட்டிக் குறைப்பதற்காகவே ஓடுகிறது. குளிர்ந்தால் தமனி சுருங்குவது எல்லோருக்கும் இயல்பு. தமனித் தசை உயிரணுவுக்குள் ஒடுங்கியிருக்கும் ஆல்ஃபா-2சி என்னும் ஏற்பிகள் குளிரில் உயிரணுவின் மேற்பரப்புக்கு வந்து, சுருங்கும் கட்டளையை வாங்கிக்கொள்கின்றன. முதல்நிலை ரேனோவில் இந்தச் செயல் மிகையாக நடக்கிறது. குழாயின் அமைப்பு கெடுவதில்லை.

ஸ்கிளீரோடெர்மாவில் குழாயே பழுதாகிறது. முதலில் அடிபடுவது அதன் உட்சுவர். சுருக்கும் பொருளான எண்டோதீலின் பெருகுகிறது. விரிக்கும் பொருளான நைட்ரிக் ஆக்சைடு குறைகிறது. உட்சுவர் தடித்து வழி குறுகிவிடுவதால், சிறிய சுருக்கம்கூட ஓட்டத்தை முழுதும் அடைத்துவிடும். நுனியில் புண் வருவதும், ஆறியபின் குழி விழுந்த தழும்பு நிற்பதும் இதனால்தான். இதே சேதம் நுரையீரலிலும் சிறுநீரகத்திலும் நடக்கலாம். அங்கே அதைக் கண்ணால் காண முடியாது, விரலில் காண முடியும். விரல் வெளுப்புக்கு மருத்துவம் இவ்வளவு மதிப்புக் கொடுப்பதன் காரணம் அது.

எந்தெந்த நோய்களில்

ஸ்கிளீரோடெர்மா நோயாளிகளில் 90 விழுக்காட்டுக்கும் மேற்பட்டோருக்கு ரேனோ உண்டு. தோல் இறுக்கம் சில பகுதிகளோடு நிற்கும் அதன் வரையறுக்கப்பட்ட வகையில் விரல் வெளுப்பு மட்டும் பல ஆண்டுகள், சிலருக்குப் பத்தாண்டுக்கு மேலும், தனித்து நிற்கும். பரவிய வகையில் அப்படி அவகாசம் கிடைப்பதில்லை: வெளுப்புத் தொடங்கி ஓராண்டுக்குள்ளாகவே தோல் தடிக்கத் தொடங்குவது வழக்கம். 1972இல் ஷார்ப் குழுவினர் விவரித்த கலப்பு இணைப்புத் திசு நோயிலும் பெரும்பாலோருக்கு ரேனோ இருக்கும். லூபஸ், ஷோக்ரன் நோய், தோல்-தசை அழற்சி ஆகியவற்றில் இது சிறுபான்மையினருக்கே வருகிறது.

பிரித்தறிதல்

முதல்நிலை ரேனோ பெரும்பாலும் 15 முதல் 30 வயதுக்குள் தொடங்கும். இரு கைகளிலும் ஒத்தாற்போல வரும், கட்டைவிரலை அநேகமாக விட்டுவிடும், புண் ஆக்காது. முப்பதைக் கடந்தபின் புதிதாகத் தொடங்கினால், வலி கடுமையானால், கட்டைவிரலும் வெளுத்தால், நுனியில் புண்ணோ குழித்தழும்போ இருந்தால் சந்தேகிக்க வேண்டும். ஆணுக்கு வந்தாலும் அப்படியே.

நம் போன்ற கறுத்த தோலில் வெளுப்பு எளிதில் பிடிபடாது. சாம்பல் பூத்தாற்போல் மங்கலாகத் தெரியும். உள்ளங்கைப் பக்கத்தையும் நகத்தடியையும் பார்ப்பது நல்லது. வெப்ப நாட்டில் இது வராது என்ற எண்ணமும் தவறு. குளிரூட்டிய அறை, குளிர்பதனப் பெட்டியில் கை விடுவது, அதிகாலைக் குளிர்நீர் ஆகியவையே போதும். நோயாளி எதிரில் வந்து உட்காரும்போது விரல்கள் இயல்பாக இருப்பதால், அவர் சொல்வதை மருத்துவர் தட்டிவிடுவதும் நேர்கிறது. நோயாளியின் சொல்லை நம்பித்தான் இங்கே தொடங்க வேண்டும்.

அடுத்துப் பார்க்க வேண்டியது நகத்தின் அடிமடிப்பு. அங்கே தந்துகிகள் தோலின் மேற்பரப்புக்கு இணையாகப் படுத்திருப்பதால், ஒரு சொட்டு எண்ணெய் விட்டு உருப்பெருக்கியால் பார்த்தால் கொண்டை ஊசிகளை வரிசையாக அடுக்கியதுபோல் தெரியும். இயல்பான கையில் ஒரு மில்லிமீட்டருக்கு ஏழுக்குக் குறையாமல் இருக்கும். ஸ்கிளீரோடெர்மா நெருங்கும் கையில் அவை வீங்கி, 50 மைக்ரோமீட்டரைத் தாண்டிய பெருந்தந்துகிகள் ஆகின்றன. இரத்தக் கசிவுப் புள்ளிகள் தோன்றுகின்றன. பிறகு பல அழிந்து வெற்றிடமாகின்றன. இதற்கெனத் தனிக் கருவி உண்டு. அது இல்லாத இடத்தில் தோல் மருத்துவரின் கையடக்க டெர்மாஸ்கோப் ஓரளவு உதவும்.

மூன்றாவது, இரத்தத்தில் ஏஎன்ஏ சோதனை. ஸ்கிளீரோடெர்மா நோயாளிகளில் மிகப் பெரும்பாலோருக்கு இது நேர்மறையாக இருக்கும். ஆனால் இரத்த நீரை 1:160 என்ற அளவுக்கு நீர்த்துப் பார்த்தாலும் நலமானவர்களில் சுமார் 5 விழுக்காட்டினருக்கு இது நேர்மறையாக வரும். எனவே அந்த ஒரு தாளைக் கையில் வைத்துக்கொண்டு அஞ்ச வேண்டியதில்லை. சென்ட்ரோமியர், எஸ்சிஎல்-70, ஆர்என்ஏ பாலிமரேஸ்-3 ஆகியவற்றுக்கு எதிரான குறிப்பிட்ட எதிர்ப்பான்கள் இருக்கின்றனவா என்பதே முடிவான கேள்வி.

இந்தச் சோதனைகளின் மதிப்புக்கு வலுவான சான்று, கனடாவின் மாண்ட்ரியல் நகரில் ரேனோ மட்டுமே இருந்த 586 பேரை இருபது ஆண்டுகள் வரை தொடர்ந்து கவனித்து, 2008இல் வெளியான ஆய்வு. அவர்களில் 12.6 விழுக்காட்டினருக்கு ஸ்கிளீரோடெர்மா உறுதியானது. தந்துகி மாற்றமும் குறிப்பிட்ட எதிர்ப்பானும் தொடக்கத்திலேயே இருந்தவர்களில் ஏறத்தாழ 80 விழுக்காட்டினர் நோயாளிகள் ஆயினர். இரண்டும் இல்லாதவர்களில் அப்படி ஆனவர்கள் 1.8 விழுக்காடு மட்டுமே. பலரை அச்சத்திலிருந்து விடுவிக்கும் கணக்கு இது.

விரல் வீக்கம்

வெளுப்புக்கு அடுத்து வரும் முக்கிய அடையாளம் விரல்கள் உப்புவது. மோதிரம் கழற்ற வரவில்லை, காலையில் கையை மூட முடியவில்லை என்று நோயாளி சொல்வார். இதை முடக்குவாதம் என்று கருதி அதிக அளவில் ஸ்டீராய்டு கொடுத்துவிடுவது உண்டு. ஸ்கிளீரோடெர்மாவில், குறிப்பாகப் பரவிய வகையில், அது சிறுநீரக நெருக்கடியை, அதாவது இரத்த அழுத்தம் திடீரென உயர்ந்து சிறுநீரகம் செயலிழக்கும் நிலையை, வரவழைக்கக்கூடியது. எனவே விரல் வீங்கிய எவரிடமும் குளிரில் விரல் வெளுக்கிறதா என்று கேட்காமல் ஸ்டீராய்டு எழுதக் கூடாது.

அமெரிக்க, ஐரோப்பிய மூட்டுவாத மருத்துவ அமைப்புகள் 2013இல் வகுத்த வகைப்பாட்டில் ஒன்பது புள்ளிகள் சேர்ந்தால் அது ஸ்கிளீரோடெர்மா. ரேனோவுக்கு மூன்று, நோய்க்குரிய எதிர்ப்பானுக்கு மூன்று, தந்துகி மாற்றத்துக்கு இரண்டு, விரல் வீக்கத்துக்கு இரண்டு. தோல் இறுகுமுன்பே ஒருவர் இந்த எல்லையைத் தொட முடியும்.

பிற காரணங்கள்

விரல் வெளுப்பெல்லாம் இணைப்புத் திசு நோயைச் சேர்ந்ததன்று. அதிரும் கருவிகளைப் பிடித்து வேலை செய்வோருக்கு இது தொழில் நோய். அமெரிக்காவின் இண்டியானா மாநிலத்தில் சுண்ணாம்புக்கல் செதுக்குவோரிடம் மருத்துவர் ஆலிஸ் ஹாமில்டன் இதை ஆராய்ந்து 1918இல் எழுதினார். புரோப்ரனோலால் போன்ற மருந்துகளும், ஒற்றைத் தலைவலிக்கான எர்காட்டமினும் இதைத் தூண்டும். ஒரு கையில் மட்டும் வந்தால் கழுத்து விலா எலும்பு அழுத்துகிறதா, தமனியில் அடைப்பு உண்டா என்று பார்க்க வேண்டும். புகைபிடிக்கும் இளம் ஆண்களிடம், கைகால் குழாய்கள் அடைபடும் பர்ஜர் நோயை மறக்கக் கூடாது.

சிகிச்சை

கையை மட்டும் மூடினால் போதாது, உடல் முழுவதும் கதகதப்பாக இருக்க வேண்டும். புகையை அறவே விட வேண்டும். இவை போதாதபோது நிஃபெடிப்பின் அல்லது அம்லோடிப்பின் தரப்படுகிறது. அடுத்த படியில் சில்டெனாஃபில், கடுமையான நிலையில் சிரைவழி ஐலோப்ரோஸ்ட். புதிய புண்கள் வராமல் குறைக்க போசென்டான் உதவும். வந்த புண்ணை அது ஆற்றுவதில்லை. மருந்துகள் விரலைக் காக்கும். அடியில் உள்ள நோயைத் தடுத்து நிறுத்துவதாக உறுதி இல்லை. ஆகவே தந்துகி மாற்றமோ குறிப்பிட்ட எதிர்ப்பானோ உள்ளவர்களுக்கு நுரையீரல் செயல்திறன் சோதனையும் இதய எக்கோவும் குறித்த இடைவெளிகளில் தேவை. இரத்த அழுத்தம் திடீரென உயர்ந்தால் அன்றே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்; சிறுநீரக நெருக்கடியை ஏசிஇ தடுப்பு மருந்துகள் சமாளிக்கும், தாமதமின்றித் தொடங்கினால்.

முப்பது வயதுக்குமேல் முதல்முறையாக விரல் வெளுக்கத் தொடங்கியவர்கள், வெளுத்திருக்கும் நேரத்தில் கைபேசியில் ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். நகத்தடி தெளிவாகத் தெரிவதற்காக நகப்பூச்சையும் மருதாணியையும் சில வாரம் தவிர்த்துவிட்டு, அந்தப் படத்துடன் மூட்டுவாத நோய் மருத்துவரிடம் செல்லுங்கள்.