ஏலமலைக்கும் கம்பம் பள்ளத்தாக்குக்கும் இடையே ஒரு சுங்க எல்லை

ஆங்கிலேயருக்குக் கப்பம் கட்டிவந்த திருவிதாங்கூரின் சரக்குகள், பிரிட்டிஷ் இந்தியாவுக்குள் நுழைகையில் அயல்நாட்டுப் பொருள்களாகவே கருதப்பட்டுச் சுங்கவரிக்கு உள்ளாயின. திவான் டி. மாதவராவ், மிளகின் மீதிருந்த அரசு ஏகபோகத்தை, அதாவது அரசே வாங்கி விற்கும் தனியுரிமையை, 1860இல் நீக்கினார். அவர் காலத்தில், 1865இல் ஏற்பட்ட வணிக உடன்படிக்கை, கொச்சியையும் சேர்த்து இவ்வரிகளைப் பெரும்பாலும் அகற்றியது. ஈடாகத் திருவிதாங்கூர் தன் உப்பு விலையைப் பிரிட்டிஷ் விலைக்கு இணையாக்க நேர்ந்ததைச் சமமான பேரம் என்று கொள்வதற்கில்லை. ஏலக்காயோ இந்தத் தளர்வுக்குள் அடங்கவில்லை: கம்பம், போடிப் பகுதித் தமிழ்க் குடியானவர்கள் திருவிதாங்கூருக்கு உட்பட்ட ஏலமலையின் நிழல்மரங்களின் கீழ் விளைவித்துப் பறித்த காயை, கணவாய் வழியே தம் ஊர்ச் சந்தைக்கு இறக்கும் உரிமையின்றி அரசிடம் ஒப்படைக்க, அது தொலைவிலுள்ள ஆலப்புழையில் ஏலம் விடப்பட்டது. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில்தான் இந்த ஏகபோகம் நீங்கி நிலவரி வந்தது. இன்று ஏலக்காய் ஏலம் போடிநாயக்கனூரிலும் நடைபெறுகிறது.