அச்ச நினைவும் மரபணு ஒழுங்குபடுத்தலும்

ஆபத்தோடு சேர்ந்து வந்த ஒலி, மணம், இடம் ஆகியவற்றை மூளை நெடுங்காலம் மறவாதிருப்பது அச்ச நினைவு. அது நிலைபெறுவதற்கு, நியூரான்களில் எந்த மரபணு எப்போது இயங்க வேண்டும், எது அடங்க வேண்டும் என்ற கட்டுப்பாடு மாற வேண்டும். இதுவே மரபணு ஒழுங்குபடுத்தல். இதில் டி.என்.ஏ. எழுத்துவரிசை மாறுவதில்லை.

ஆய்வு முறை

எலிக்கு ஓர் ஒலியைக் கேட்கச் செய்து, ஒலி முடியும் தறுவாயில் பாதத்தில் மெல்லிய மின்னதிர்ச்சி தருவர். இதுவே அச்சப் பயிற்சி. மறுநாள் ஒலி மட்டும் கேட்டாலும் எலி, மூச்சு விடுவதைத் தவிர வேறு அசைவின்றி உறைந்துவிடும். உறைந்திருக்கும் நேரத்தைக் கொண்டு அச்சத்தை அளப்பர். ஒலியை அதிர்ச்சியோடு இணைப்பதில் மூளையின் அமிக்டலா பகுதியும், இடத்தைப் பதிவுசெய்வதில் ஹிப்போகேம்பஸ் பகுதியும் முதன்மையானவை.

மரபணுவைத் தூண்டுதல்

அதிர்ச்சியின்போது நியூரானுக்குள் கால்சியம் பாய்வதால் சி.ஆர்.ஈ.பி. என்ற புரதம் தூண்டப்படுகிறது. அது பிற மரபணுக்களை இயக்க, புதிய புரதங்கள் உருவாகி நரம்பிணைப்புகள் வலுப்பெறுகின்றன. 1994இல் வெளியான ஆய்வில், இப்புரதம் குறைந்த சுண்டெலிகள் பயிற்சி முடிந்து அரை மணி நேரம் கழித்தும் அஞ்சின. ஆனால் மறுநாள் அச்சம் பெரிதும் குன்றியிருந்தது. அமிக்டலாவில் இப்புரதம் மிகுந்த நியூரான்களே அச்சத்தைப் பதிவுசெய்யப் பெரிதும் தேர்வாகின்றன. 2009இல் ஷீனா ஜோஸ்லின் குழுவினர் அந்நியூரான்களை மட்டும் அழித்தபோது, பதிந்த அச்சமும் மறைந்தது.

வேதிக் குறிகள்

டி.என்.ஏ. ஹிஸ்டோன் புரதங்களைச் சுற்றி இறுகியிருக்கும். ஹிஸ்டோனில் அசிட்டைல் தொகுதி சேர்ந்தால் பிடி தளர்ந்து மரபணு இயங்கும், டி.என்.ஏ.வில் மெத்தில் தொகுதி சேர்ந்தால் பெரும்பாலும் அடங்கும். கோர்ட்னி மில்லரும் டேவிட் ஸ்வெட்டும் 2007இல் வெளியிட்ட ஆய்வின்படி, அச்சப் பயிற்சிக்குப் பின் ஹிப்போகேம்பஸில் நினைவைத் தடுக்கும் பிபி1 மரபணுவில் மெத்தில் கூடியது. நினைவுக்கு உதவும் ரீலின் மரபணுவில் குறைந்தது.

மருத்துவப் பயன்

விபத்து, போர், வன்முறை ஆகியவற்றில் உயிர் தப்பியவர்கள் பலர் ஆண்டுக்கணக்கில் அச்ச நினைவால் துன்புறுகின்றனர். பழைய நினைவு, அச்சம் தணிக்கும் பயிற்சிக்கு எளிதில் இணங்காதது இத்துயரின் கடுமை. 2014இல் லி-ஹுவெய் சாய் குழுவினர் சுண்டெலிகளில், அசிட்டைலை நீக்கும் என்சைம்களைத் தடுக்கும் மருந்தை அச்சம் தணிக்கும் பயிற்சியோடு சேர்த்துத் தர, ஒரு மாதப் பழைய அச்சமும் தணிந்தது. ஆயினும் அந்த என்சைம்கள் உடலெங்கும் பல மரபணுக்களை ஆள்கின்றன. எனவே, வேண்டிய நியூரான்களில், நினைவு மீண்டும் கிளர்ந்தெழும் வேளையில் மட்டும் செயல்படும் மருந்தே மனிதருக்கு ஏற்றது.