வேலியில்லாத உரிமம்

பிரிட்டிஷ் சாட்டிலைட் பிராட்காஸ்டிங், சுருக்கமாக பி.எஸ்.பி., 1990 ஏப்ரல் 29 அன்று தன் சொந்தச் செயற்கைக்கோளிலிருந்து வீடுகளுக்கு நேராக ஐந்து அலைவரிசைகளை ஒளிபரப்பத் தொடங்கியது. கேலக்ஸி, நவ், மூவி சேனல், ஸ்போர்ட்ஸ் சேனல், பவர் ஸ்டேஷன் என்பவை அவற்றின் பெயர்கள். அதே ஆண்டு நவம்பர் 2ஆம் தேதி, போட்டியாளரான ஸ்கை டெலிவிஷனோடு அது இணைவதாக அறிவிப்பு வந்தது. காகிதத்தில் அது சமபங்கு இணைப்பு. நடைமுறையில் நிர்வாகம் ஸ்கையின் உரிமையாளரும் செய்தித்தாள் முதலாளியுமான ரூபர்ட் மர்டாக்கின் ஆட்களிடம் போனது. புதிய நிறுவனத்தின் பெயர் பிரிட்டிஷ் ஸ்கை பிராட்காஸ்டிங் என்றானது. மூன்று ஆண்டுக்கும் மேலான தயாரிப்பு, கோடிக்கணக்கான பவுண்டு முதலீடு, ஆறு மாத ஆயுள். இந்தத் தோல்விக்கு வழக்கமாகச் சொல்லப்படும் காரணம் ஒன்றுதான்: துணிந்தவன் வென்றான், சொகுசாக உட்கார்ந்திருந்தவர்கள் தோற்றார்கள். மர்டாக்கைப் போற்றுபவர்களும் வெறுப்பவர்களும் இதையே சொல்கிறார்கள். அந்த ஆண்டுகளின் ஆவணத் தடத்தைப் பின்தொடர்ந்தால் வேறொன்று தெரிகிறது. பி.எஸ்.பி.மீது சுமத்தப்பட்ட கடமைகள் அத்தனையும் ஒப்பந்தத்தில் எழுதப்பட்டிருந்தன. அவற்றுக்கு ஈடாக அது எதிர்பார்த்த பாதுகாப்பு எங்குமே எழுதப்படவில்லை.

கதை 1977இல் ஜெனீவாவில் தொடங்குகிறது. அந்த ஆண்டு அங்கே நடந்த உலக வானொலி மாநாடு, வீடுகளுக்கு நேரடியாக ஒளிபரப்பும் செயற்கைக்கோள்களுக்கென வானத்தைப் பங்கிட்டது. ஐரோப்பிய நாடுகளுக்குப் பொதுவாக ஆளுக்கு ஐந்து அலைவரிசைகள். பிரிட்டனின் இடம் மேற்கே 31 பாகையில். அன்றைய ரிசீவர்களின் திறனை வைத்துத்தான் அந்தப் பங்கீடு கணக்கிடப்பட்டது. வீட்டுக் கூரையில் 90 சென்டிமீட்டர் டிஷ் இருக்கும், அதற்கு எட்ட வேண்டுமானால் செயற்கைக்கோள் மிகுந்த சக்தியோடு ஒளிபரப்ப வேண்டும் என்பது அதன் அடிப்படை. சக்தி கூடினால் ஒரு செயற்கைக்கோள் தாங்கும் அலைவரிசைகள் குறையும், ஒவ்வொன்றின் விலையும் ஏறும். அடுத்த பத்தாண்டில் டிஷ்ஷின் முனையில் பொருத்தப்படும் மின்னணுப் பகுதி பல மடங்கு நுட்பமானது. மெல்லிய சிக்னலையும் இரைச்சல் இல்லாமல் அது வாங்கிக்கொண்டது. 1977ஆம் ஆண்டின் கணக்கு காலாவதியானது. ஆனால் அதன்மீது கட்டப்பட்ட சட்டமும் உரிமமும் அப்படியே நின்றன.

பி.எஸ்.பி.க்கு முன்பே பிரிட்டன் இந்த வழியில் இரண்டு முறை தடுக்கி விழுந்திருந்தது என்பதை மறந்துவிடக் கூடாது. 1982இல் பி.பி.சி.க்கு இரண்டு செயற்கைக்கோள் அலைவரிசைகள் தரப்படும் என்று அரசு அறிவித்தது. செயற்கைக்கோள் பிரிட்டனில் செய்யப்பட்டதாக இருக்க வேண்டும், அரசு ஒரு காசும் போடாது என்பவை நிபந்தனைகள். பிரிட்டிஷ் ஏரோஸ்பேஸ், ஜி.இ.சி.-மார்க்கோனி, பிரிட்டிஷ் டெலிகாம் மூன்றும் சேர்ந்து யூனிசாட் என்ற கூட்டமைப்பை உருவாக்கின; அது கேட்ட வாடகையை பி.பி.சி.யால் தாங்க முடியவில்லை. பிறகு ஐ.டி.வி. நிறுவனங்களையும் வேறு சில தனியாரையும் சேர்த்துக்கொண்டு பாரத்தைப் பகிர்ந்து பார்த்தார்கள். 1985இல் அதுவும் கலைந்தது. இரு முறையும் காரணம் ஒன்றே. தொழில் கொள்கையின் செலவை ஒளிபரப்பாளரின் தலையில் கட்டியதுதான் அது. இதிலிருந்து அரசு பாதிப் பாடம் கற்றது. பிரிட்டிஷ் செயற்கைக்கோள் என்ற நிபந்தனையைக் கைவிட்டது. மேக் என்ற புதிய ஒளிபரப்பு முறையைக் கட்டாயம் பின்பற்ற வேண்டும் என்பதை மட்டும் விடவில்லை.

தனியார் ஒளிபரப்பை மேற்பார்வையிட்ட ஐ.பி.ஏ. என்னும் சுதந்திர ஒளிபரப்பு ஆணையம் 1986 டிசம்பரில் பி.எஸ்.பி.க்கு 15 ஆண்டு உரிமம் வழங்கியது. பியர்சன், கிரனாடா, ஆங்கிலியா, விர்ஜின், ஆம்ஸ்ட்ராட் ஆகியவை தொடக்கப் பங்குதாரர்கள். உரிமத்தோடு வந்த சுமைகள் சாதாரணமானவை அல்ல. 1977ஆம் ஆண்டுத் திட்டத்துக்குப் பொருந்தும் அதிசக்திச் செயற்கைக்கோள்கள் வேண்டும். ஒன்று பழுதானால் கைகொடுக்க இரண்டாவதும் வேண்டும். மேக்கின் ஒரு வகையான, அதுவரை சந்தையில் இல்லாத டி-மேக் முறையில் ஒளிபரப்ப வேண்டும். ஆணையத்தின் நிகழ்ச்சி நெறிகளுக்குக் கட்டுப்பட வேண்டும். செய்தித்தாள் முதலாளி எவருக்கும் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் உடைமை இருக்கக் கூடாது. இத்தனையையும் பி.எஸ்.பி. ஏற்றுக்கொண்டதன் பின்னால் ஒரு கணக்கு இருந்தது: நாட்டின் ஒரே செயற்கைக்கோள் உரிமம் நம்மிடம் இருக்கிறது, ஆகவே சந்தையும் நம்முடையது.

அந்தக் கணக்கைத் தவிடுபொடியாக்கியது லக்ஸம்பர்க். 1985இல் அங்கே தொடங்கப்பட்ட எஸ்.இ.எஸ். என்ற நிறுவனம் 1988 டிசம்பரில் அஸ்ட்ரா 1ஏ என்ற செயற்கைக்கோளை ஏவியது. நடுத்தர சக்தி, 16 அலைவரிசைகள். மேம்பட்ட ரிசீவர்கள் வந்துவிட்டதால் 60 சென்டிமீட்டர் டிஷ்ஷே அதற்குப் போதும். தொழில்நுட்பத்தைவிட முக்கியமானது அதன் சட்ட நிலை. அது இயங்கிய அலைக்கற்றை, தொலைத்தொடர்புச் செயற்கைக்கோள்களுக்கென ஒதுக்கப்பட்டது. 1986இல் ஐரோப்பியச் சமூகம் மேக் முறையைக் கட்டாயமாக்கியபோது அந்தக் கட்டாயம் நேரடி ஒளிபரப்பு அலைக்கற்றைக்கு மட்டுமே பொருந்தியது. தொலைத்தொடர்புச் செயற்கைக்கோளுக்கு இல்லை. ஆகவே எந்த வீட்டுப் பெட்டியும் காட்டக்கூடிய பழைய பால் முறையிலேயே அஸ்ட்ரா வழியாக ஒளிபரப்பலாம். செயற்கைக்கோள் வேறு நாட்டினுடையது என்பதால் பிரிட்டனின் உடைமை வரம்பும் குறுக்கே வராது. மர்டாக் 1988 ஜூனில் தன் திட்டத்தை அறிவித்தார். 1989 பிப்ரவரி 5 அன்று ஸ்கை நான்கு அலைவரிசைகளோடு வந்துவிட்டது. 199 பவுண்டுக்கு டிஷ் செய்து தருவதாக ஏற்றவர் ஆம்ஸ்ட்ராட்டின் ஆலன் ஷுகர். 1987இலேயே பி.எஸ்.பி.யிலிருந்து விலகிய அதே ஷுகர்தான். எந்தப் பொருளை எந்த விலைக்கு வீடுகளில் விற்க முடியும் என்று அந்தக் கூட்டணியில் எவரைவிடவும் அறிந்தவர் அவர்.

இதற்கெதிராக பி.எஸ்.பி. என்ன செய்ய முடிந்தது? 1988 ஆகஸ்டில் ஸ்குவேரியல் என்ற சிறிய சதுர ஆன்டெனாவைப் பத்திரிகையாளர்களிடம் காட்டியது. அன்று காட்டியது இயங்காத மாதிரி. டி-மேக் சிக்னலைப் பிரித்தெடுக்கும் சிப்கள் குறித்த காலத்தில் வந்து சேரவில்லை. 1989 ஆகஸ்டில் முதல் செயற்கைக்கோள் மார்க்கோபோலோ 1 சுற்றுப்பாதைக்குப் போய்விட்டது. அதன் சிக்னலை வாங்கும் பெட்டிதான் கடைகளில் இல்லை. அந்த இலையுதிர் காலத்தில் தொடங்குவதாக இருந்த ஒளிபரப்பு அடுத்த வசந்தத்துக்குத் தள்ளிப்போனது. மின்னணுப் பொருள்கள் அதிகம் விற்கும் கிறிஸ்துமஸ் பருவம் முழுவதும் ஸ்கையின் கையில் விழுந்தது. ஆன்டெனாவின் சொதப்பலைக் குறித்து இன்றுவரை பக்கம் பக்கமாக எழுதுகிறார்கள். உண்மையில் அடி விழுந்தது சிப்பில்தான். அந்தச் சிப்பைக் கட்டாயப்படுத்தியது நிறுவனத்தின் விருப்பம் அல்ல, உரிமத்தின் நிபந்தனை.

இங்கே ஒரு மறுப்பு நியாயமாக எழும். பி.எஸ்.பி. ஊதாரித்தனமாகச் செலவழித்ததே, அது காரணம் இல்லையா? தேம்ஸ் அருகே பளபளத்த அதன் தலைமையகமான மார்க்கோ போலோ ஹவுஸும், ஹாலிவுட் படங்களுக்குப் போட்டி போட்டுக் கொடுத்த விலையும் உண்மைதான். பங்குதாரர்களும் நிலையாக இல்லை: விர்ஜின் 1988இல் விலகியது, பெரும் பங்கு வாங்கிய ஆஸ்திரேலியாவின் பாண்ட் கார்ப்பரேஷன் கடனில் மூழ்கியது. ஆனால் ஹாலிவுட் விலை ஏறியதே இரு தரப்பும் ஒரே படங்களுக்கு ஏலம் கேட்டதால்தான். ஒரே ஒரு வாங்குபவர் இருந்திருந்தால் ஸ்டுடியோக்கள் அந்தத் தொகையைக் கனவிலும் கேட்டிருக்க முடியாது. மேலும், ஸ்கையும் வாரந்தோறும் லட்சக்கணக்கான பவுண்டுகளை இழந்துகொண்டிருந்தது. 1990 கடைசியில் நூற்றுக்கும் மேற்பட்ட வங்கிகளிடம் கடன்பட்டிருந்த மர்டாக்கின் நியூஸ் கார்ப்பரேஷன் திவாலின் விளிம்பு வரை போய் மீண்டது. சிக்கனம் ஊதாரித்தனத்தை வென்ற கதையாக இதைச் சொல்ல முடியாது. இரண்டு பேரும் மூழ்கிக்கொண்டிருந்தார்கள். ஒருவர் காலில் மட்டும் கல் கட்டப்பட்டிருந்தது.

இதைவிடக் கனமான மறுப்பு வேறொன்று. எல்லை தாண்டி வானத்திலிருந்து வரும் சிக்னலை ஒரு ஜனநாயக அரசு தடுக்க முடியுமா, தடுக்கத்தான் வேண்டுமா? முடியாது, கூடாது என்பதே என் பதிலும். இந்தியாவிலும் அதுதான் நடந்தது. தூர்தர்ஷனின் ஏகபோகம் சட்டத்தில் இருந்தபோதே 1991இல் ஹாங்காங்கிலிருந்து ஸ்டார் வந்தது. 1993 ஏப்ரல் 14 அன்று சன் டிவியும் வெளிநாட்டுச் செயற்கைக்கோள் வழியாகத்தான் தமிழ் வீடுகளுக்குள் நுழைந்தது. அதனால் பார்வையாளர்கள் இழந்தது ஒன்றுமில்லை. ஆனால் வேலி போட முடியாது என்று தெரிந்த அன்றே உள்ளே இருப்பவரின் சுமையை இறக்கிவைத்திருக்க வேண்டும். 1988 ஜூனுக்குப் பிறகு அதை அறியாதவர் அரசில் எவரும் இருந்திருக்க முடியாது. அஸ்ட்ராவுக்கு வழி விடுவதானால் பி.எஸ்.பி.யையும் பால் முறையில் ஒளிபரப்ப விட்டிருக்கலாம். அதைச் செய்யாமல், 1990ஆம் ஆண்டு ஒளிபரப்புச் சட்டத்தில் ‘உள்நாட்டு’, ‘உள்நாடல்லாத’ என்று செயற்கைக்கோள் சேவையை இரண்டாகப் பிரித்து, உடைமை வரம்பு முந்தையதற்கு மட்டுமே என்று எழுதிவைத்தார்கள். அரசின் சொல்லுக்குக் கட்டுப்பட்டு வந்தவருக்கு ஒரு நீதி, பக்கத்துத் தெரு வழியாக வந்தவருக்கு இன்னொரு நீதி. சந்தைச் சுதந்திரத்தில் நம்பிக்கை உள்ளவர்கள்தான் இதை முதலில் எதிர்த்திருக்க வேண்டும். அவர்கள் எதிர்க்கவில்லை என்பது எனக்கு இன்றும் உறுத்துகிறது.

இணைப்பை பி.எஸ்.பி.யின் பங்குதாரர்களும் மர்டாக்கும் மறைவாகப் பேசி முடித்தார்கள். பிரதமர் தாட்சரிடம் மர்டாக் முன்கூட்டியே தெரிவித்திருந்தார். உரிமம் வழங்கிய ஐ.பி.ஏ.வுக்கு யாரும் சொல்லவில்லை. இது ஒப்பந்த மீறல் என்று அது கண்டித்தது. ஆனால் ஏற்கெனவே ஸ்குவேரியல் வாங்கி மாட்டிவிட்ட குடும்பங்களின் பெட்டியை ஒரே நாளில் இருட்டாக்காமல் அதனால் எதுவும் செய்ய முடியவில்லை. புதிய சட்டத்தின்படி அந்த ஆண்டு முடிவோடு ஐ.பி.ஏ.வே கலைக்கப்பட்டது. மார்க்கோபோலோ வழி ஒளிபரப்பு 1992இல் நின்றது. இணைப்புக்கு மூன்று மாதம்கூட இல்லாத நிலையில் ஏவப்பட்ட இரண்டாவது செயற்கைக்கோளை நார்வே வாங்கி தோர் என்று பெயரிட்டது. முதலாவதை ஸ்வீடன் வாங்கி சிரியஸ் என்றது. இரண்டும் புதிய இடங்களில் பல ஆண்டுகள் பழுதில்லாமல் வேலை செய்தன.