சிகாகோவில் ஒரு கோப்பைத் தேநீர்

கண்காட்சி எண்டால் மேசை, துணி, பெயர்ப்பலகை எண்டுதான் நாங்களும் நினைச்சிருந்தோம். கம்பஸில ஒன்றை ஒழுங்கு செய்யப் போனபோதுதான், எதை முன்னுக்கு வைப்பது என்பதே பெரிய கேள்வி என்று விளங்கியது.

1893 இல் சிகாகோவில் உலகக் கண்காட்சி நடந்தது. அங்கே இலங்கைக்கும் தனிக் கட்டடம் ஒன்று இருந்தது. பெயர் ‘சிலோன் கோர்ட்’. இங்கிருந்து கப்பலேறிய மரங்களால், செதுக்கல் வேலைப்பாடுகளோடு கட்டினார்கள். பார்க்க வந்தவர்களுக்குத் தேநீர் கொடுத்தார்கள்.

ஏன் இவ்வளவு செலவு? 1869 இல் தொடங்கிய இலைநோய் கோப்பியை அழித்துவிட, தோட்டத்துரைமார் தேயிலைக்கு மாறியிருந்தார்கள். அவர்களுக்கு அமெரிக்கச் சந்தை தேவைப்பட்டது. ஆகவே கலை வாசலில் நின்று ஆளைக் கூப்பிட்டது, விலைப்பட்டது தேயிலை.

அதைப் பறித்தவர்களில் பெரும்பாலானோர் தமிழகத்திலிருந்து கொண்டுவரப்பட்ட தொழிலாளர்கள். செதுக்கல்களை ரசித்தபடி தேநீர் குடித்தவருக்கு லயக் காம்பிரா எங்க தெரியப்போகுது?

கண்காட்சி முடிந்ததும் அந்தக் கட்டடத்தை ஒருவர் வாங்கி, விஸ்கொன்சின் மாநிலத்தின் ஜெனீவா ஏரிக்கரையில் வீடாக்கினார். மரக்கட்டடத்துக்கே அமெரிக்காவில் ஒரு முகவரி கிடைத்தது. இங்கே, தேயிலை பறித்தவர்களின் பரம்பரைக்கு 1948 இன் சட்டத்தால் குடியுரிமையே இல்லாமற் போனது.

அதனால் எங்கட கண்காட்சித் திட்டத்தில் முதல் வரியை மாத்தி எழுதினோம்: இந்தப் பொருளைச் செய்தவர் யார், எங்கட மண்டபத்தில் அவருக்கு இடம் எங்கே?