வெள்ளாவிக்குத் தப்பிய குறி

இஸ்திரிப்பெட்டியால் ஒட்டும் துணி வில்லையை வீட்டிலேயே செய்வது எளிது. பிடித்த உருவைத் துணியில் வெட்டி, அடியில் சூட்டில் உருகும் பசைத்தாளை வைத்து, மேலே பட்டர் பேப்பர் போட்டு, பெட்டியை இழுக்காமல் அழுத்த வேண்டும். பட்டாளத்துச் சின்னமும் பூத்தையலும்தான் இதற்கு மூதாதை என்பார்கள். கம்பம் பள்ளத்தாக்கைப் பொறுத்தவரை நான் வேறோர் இடத்தைக் காட்டுவேன்: வேட்டியின் ஓரத்தில், யார் கண்ணிலும் படாத மூலையில், கறுப்பாக இட்ட இரண்டு புள்ளியும் ஒரு கோடும். அகராதிகள் வண்ணான் குறி என்று பதிந்துள்ள அடையாளம் அது. துணிக்குச் சொந்தக்காரர் யார் என்று சொன்னாலும், அதை இட்டவரும் படித்தவரும் சலவைத் தொழிலாளிதான்.

குறி ஏன் வேண்டியிருந்தது என்பதற்கு வெள்ளாவியே சான்று. பல வீட்டு அழுக்கையும் உவர்மண் கரைசலில் தோய்த்து, ஒரே பானையின் மேல் அடுக்கி, நீராவியில் வேகவைப்பார்கள். பிறகு ஆற்றில் அடித்துத் துவைத்து வெயிலில் விரிப்பார்கள். ஊரே ஒரே அடுக்கில் கலந்துவிடும். காரத்துக்கும் ஆவிக்கும் கல்லடிக்கும் தாங்கும் மை சேராங்கொட்டைச் சாறுதான். கொட்டையை ஊசியால் குத்தித் துணியில் குறியிட்டு, மேலே சுண்ணாம்பு தடவினால் கறை கறுத்து நின்றுவிடும். செமிகார்பஸ் என்ற தாவரவியல் பெயருக்கே குறியிடும் கனி என்றுதான் பொருள். குறிக்கு இன்னொரு வேலையும் இருந்தது. 1895-இல் பெரியாறு அணை முடிந்து சுரங்கம் வழியே தண்ணீர் இறங்கியபின் பள்ளத்தாக்கில் நெல் சாகுபடி பெருகியது. சலவைக்குக் கூலி களத்துமேட்டுத் தானியமாகவே அளக்கப்பட்ட காலம் அது. எந்த வீட்டுத் துணி எது என்று தெரிந்தால்தான் எந்தக் களத்தில் போய் நிற்பது என்பதும் தெரியும். எழுத்து தேவைப்படாத கணக்கு அது.

துணிமேல் துணி ஒட்டும் கலை கோயில் தேரில் தொங்கும் தொம்பைகளில் முன்பே இருந்ததே என்று கேட்கலாம். இருந்தது, யாளியும் கிளியும் தாமரையும் அதில் அழகாகவே வரும். ஆனால் தொம்பையை யாரும் உடுத்தவில்லை, வாரந்தோறும் வெளுக்கப் போடவுமில்லை. சேராங்கொட்டை அரிப்பால்தான் குறி ஒழிந்தது என்பது இன்னொரு வாதம். இந்தியாவிலிருந்த அமெரிக்கப் படையினருக்கு இந்த மையால் தோல் கொப்புளித்ததை 1943-இல் அவர்களின் மருத்துவர்களே எழுதினார்கள். கொப்புளம் உண்மைதான். ஆனால் கொப்புளத்தை முதலில் தாங்கியவை சலவைக்காரர்களின் விரல்கள். அந்த விரல்களுக்காக யாரும் மையை மாற்றவில்லை. குறியை ஒழித்தது சோப்புக்கட்டியும் டெரிகாட்டனும்தான் என்பது என் கணிப்பு. டெரிகாட்டன் வெள்ளாவிக்குரிய துணியல்ல. வீட்டு வாளியிலேயே அலசிப் போடலாம். அவரவர் துணியை அவரவரே துவைக்கத் தொடங்கியதும் துணிகள் கலக்கவில்லை, அடையாளமும் தேவைப்படவில்லை. இஸ்திரி வில்லையின் கதை வேறு: சூட்டில் ஒட்டிய பசை சூட்டிலேயே இளகும். ஓர் இரவு வெள்ளாவியில் கிடந்தால் வில்லை விடியும்போது துணியில் இருக்குமா என்பது சந்தேகம். மூலையில் ஒளிந்திருந்த குறி நெஞ்சுக்கு ஏறி அழகாக மாற, வெள்ளாவி அணைய வேண்டியிருந்தது.

அப்படியானால் குறி முழுதும் மறைந்திருக்க வேண்டுமே என்றால், துணிகள் இன்னும் கலக்கும் இடத்தைப் பார்க்க வேண்டும். சலவைக்கடைக்குப் போய்வந்த வேட்டியைப் பிரித்தால், ஓரத்தில் மார்க்கர் பேனாவால் எழுதிய எண் ஒன்று இருக்கும்.